டிஸ்கெட்டில் இருந்த உன் விரல்

என் அன்பான சரோக்கா,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை. "தைரியமான பொண்ணு" என்கிறார்கள். தைரியம் இல்லை அக்கா, உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை. காலையில் பேக்டரி பஸ் ஏறுகிறேன், சாயங்காலம் சுங்கை சோவில் இறங்குகிறேன். தஞ்சோங் காராங்கில் லோரி உன்னை மோதிய இடத்தை இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

நீ வாசிக்கும் கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். போன வாரம் உன் இசைக்குழுவின் குமார் அண்ணன் வந்தார். கோலசிலாங்கூரில் ஒரு கல்யாணம், நீ கடைசியாக வாசித்து டிஸ்கெட்டில் பதிந்த பாட்டு வேண்டுமாம். கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் கேபிள் இரண்டையும் நான்தான் மாட்டினேன். "இதோட அவுட்டு, அதோட இன்னுக்கு" என்று நீ காட்டிக்கொடுத்தது கைக்கு ஞாபகம் இருந்தது.

கம்ப்யூட்டரில் டிஸ்கெட்டைப் போட்டதும் கீபோர்டு தானாக வாசித்தது. டிஸ்கெட்டில் இருப்பது சத்தம் இல்லை, எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தினாய் என்பதுதான் என்று சொல்வாயே. பேக்டரி மெஷினில் நசுங்கிய உன் இடது மோதிர விரல் எப்போதும் கொஞ்சம் பிந்தும் அல்லவா? அந்தப் பிந்தலும் அப்படியே இருந்தது.

"தாளம் அங்கங்க இடிக்குது லா. கம்ப்யூட்டர்லயே நேராக்கிடலாம். செய்யட்டுமா?" என்றார் குமார் அண்ணன்.

"சரிண்ணே" என்றேன். என்ன கேட்டார் என்று யோசிக்கக்கூட இல்லை. நேராக்கி, அதே பெயரிலேயே சேவ் பண்ணிவிட்டார். நீ வாசித்தது அழிந்துவிட்டது. வேறு பிரதியும் இல்லை.

அம்மா கோயிலிலிருந்து வந்தபோது நேராக்கிய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"யாரு வாசிக்கிறா?"

"அக்காதாம்மா. டிஸ்கெட்ல இருக்குறது."

"இல்லடி. சரோவுக்கு அந்த விரல் இப்படி ஓடாது."

குமார் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "டிஸ்கெட் கெட்டுப்போச்சும்மா, அதான் இப்படிக் கேக்குது" என்று பொய் சொன்னேன். அம்மா நம்பிவிட்டாள். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. கேபிளைக் கழற்றிச் சுருட்டி வைத்தேன். அண்ணன் டிஸ்கெட்டை எடுத்துப் போகவில்லை. கல்யாணத்தில் வேறு யாரோ வாசித்தார்களாம்.

கேட்டது அவர், சரி சொன்னது நான். நீ இருந்திருந்தால் திட்டியிருப்பாயா, சிரித்திருப்பாயா?

"ரவாங்கில கம்ப்யூட்டர் கடைக்காரன்கிட்ட குடுத்தா அந்த டிஸ்கெட்ட சரி பண்ணுவானா?" என்று அம்மா தினமும் கேட்கிறாள். நேற்றும் கேட்டாள். நான் எழுந்து குளிக்கப் போய்விட்டேன்.

நாளைக் காலையில் சொல்லிவிடுகிறேன் அக்கா. கெட்டுப்போகவில்லை, அழிந்துபோனது, சரி சொன்னது நான்தான் என்று. அம்மா என்ன சொன்னாலும் எழுந்து போக மாட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
தேவி