வஜ்ஜிரம் சேர்க்காத மஞ்சள்

அண்ணி,

கொல்லையில் வஜ்ஜிரப் பசை கொதிக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தசரா வருகிறது, வெளிச்சுவருக்குப் பூச்சு. தேவராஜ மொஹல்லாவில், உங்கள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு நான் வந்தபோது நீங்கள் இருந்த அதே வீடு.

முன்பு ஒரு தசராவுக்கு நிறம் சொன்னது நீங்கள். ஓட்டுத் துண்டுகளில் பல நிறக் காவிப் பொடிகளைக் குழைத்துத் தடவி, முற்றத்து வெயிலில் காயவைத்து, மஞ்சளைக் காட்டினீர்கள். புருஷனை இழந்து தாய்வீடு வந்த நாளிலிருந்து வாசல் தாண்ட விடாதவர்கள், தெருப்பக்கச் சுவருக்கு உங்களிடம் நிறம் கேட்டார்கள்! நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பழைய பூச்சைச் சுரண்டி, முதல் கை சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மஞ்சளில் வஜ்ஜிரம் கலக்காவிட்டால் தொட்டால் ஒட்டும் என்றார் பூச வந்தவர். அத்தை, உங்கள் அம்மா, விடுவாரா?

"தோலைக் காய்ச்சின பசையை என் வீட்டுச் சுவத்துல பூசுறதா? கஞ்சிய ஊத்துங்க, போதும்."

கஞ்சியைத்தான் ஊற்றினார்கள்.

விஜயதசமியன்று யானை ஊர்வலம் பார்க்க எல்லோரும் போனோம், உங்களை மட்டும் விட்டுவிட்டு. திரும்பியதும் அத்தையின் கண் உங்கள் முதுகில் விழுந்தது. வெள்ளைச் சேலையில் தோளிலிருந்து இடுப்புவரை மஞ்சள்.

"வெளிய போய் நின்னியா?"

"நின்னேம்மா. தெருவுல ஒருத்தரும் இல்ல. தூரத்துல பேண்டு சத்தம் மட்டும் கேட்டுச்சு."

அடுத்த தசராவிலிருந்து வெளியே பூட்டு. சாவி அத்தையின் இடுப்பில். கூட்டத்தில் நின்ற எனக்கு யானை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பூட்டிய கதவுதான் கண்ணில் நிற்கும். ஒருநாள் அரிசி புடைத்தபடி என்னிடம் மெல்லச் சொன்னீர்கள்: "மஞ்சள் நல்லாத்தான் வந்திருந்துச்சு. பாத்துட்டேன்." அப்புறம் நீங்கள் அந்த வாசலைத் தாண்டியது பாடையில்தான்.

அத்தையும் போய்விட்டார். உங்கள் தம்பி அவரைப் போலவே பேசக் கற்றுக்கொண்டுவிட்டார். எங்கள் மகள் வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்திருக்கிறாள், அண்ணி. நீங்கள் உட்கார்ந்த அதே மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். வாசல் பக்கம் அவள் தலை தெரியக்கூடாதாம். ஊர்வலத்துக்குப் போகும்போது கதவைப் பூட்டச் சொல்லியிருக்கிறார். பூட்டுகிற வேலை என்னுடையது.

இப்போது சாவி என் இடுப்பில் இருக்கிறது.

வஜ்ஜிரம் எவ்வளவு போடட்டும் என்று பூசுகிறவர் கேட்டார். தாராளமாகப் போடுங்கள் என்றேன். எவ்வளவு நேரம் சாய்ந்து நின்றாலும் அவள் சேலையில் ஒட்டக் கூடாது.