மூன்றாவது சலான்

நவம்பர் 4, செவ்வாய்

விடியும்போதே தூறல். யூனிபார்ம் காயவில்லை, ஈரத்தோடு போட்டுக்கொண்டு ஓட்டம். கம்பெனி பஸ் வீரபாண்டிப் பிரிவுக்கு வரும்போதே மணி எட்டு. பாலத்தடியில் தண்ணீராம். எட்டரைக்குள் முதலிபாளையம் போய்ப் பஞ்ச் வைக்க வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் மெஷின் அரை நாள் ஆப்சென்ட் போட்டுவிடும். பஸ்ஸே உங்களுடையதுதானே என்று கேட்டால் ஹெச்.ஆருக்குக் காது கேட்காது.

டிரைவர் பழனிச்சாமி அண்ணன் மிதித்தார். பேச்சில் அத்தனை மரியாதை, காலில் மட்டும் கிடையாது. வேகத்துக்கென்றே ஏற்கெனவே இரண்டு அபராதச் சலான் வாங்கியிருக்கிறார். மூன்றாவது விழுந்தால் லைசென்சை மூன்று மாதம் முடக்கிவிடுவார்களாம். கம்பெனி மூன்று மாதம் காத்திருக்காது, வேறு ஆளைப் போட்டுவிடும். ஐம்பத்தாறு வயதில் இனி யார் வண்டி தருவார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

போலீஸ் நிறுத்தினால் தப்பிக்க அவர் வைத்திருக்கும் வழிகள். முன்சீட்டுக்காரர்களுக்கு இன்று பாடம் எடுத்தார். மறக்கும் முன் எழுதி வைக்கிறேன்:

– கை காட்டியதும் ஓரங்கட்டணும். தள்ளிப் போய் நிறுத்தினால் ஓடப் பார்த்தான் என்பார்கள்.
– பாட்டை அணைத்துவிட்டு, அவர்கள் வரும் முன் நாமே இறங்கி நிற்கணும்.
– ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் கேட்டதும் கைக்கு வரணும். தேடினால் எரிச்சல்படுவார்கள்.
– என்ன வேகம் தெரியுமா என்று கேட்டால் 'தெரியலை' கூடாது. 'கம்மிதானுங்க' கூடவே கூடாது. "தப்புதானுங்க." அவ்வளவுதான்.
– கட்சிக்காரர் பேரைச் சொன்னால் தொலைந்தோம்.
– காரணம் சொன்னால் ஒன்றே ஒன்று. இரண்டு சொன்னால் இரண்டுமே பொய் என்று தெரிந்துவிடும்.

மெதுவாய் ஓட்டுவது இந்தப் பட்டியலில் இல்லையே என்று கேட்டேன். "அது நம்ம கையிலயா இருக்குதுங்க அம்மிணி? பஞ்ச் மெசின் கையிலயல்ல இருக்குது" என்றார்.

பாடம் முடியவில்லை, அதற்குள் பரீட்சை. நேர் ரோட்டில் ஸ்பீடு கேமரா. ஒரு பெண் எஸ்.ஐ. கை காட்டினார். அண்ணன் சொன்னபடியே செய்தார். ஓரங்கட்டினார், இறங்கினார், தப்புதானுங்க என்றார். எஸ்.ஐ. மசியவில்லை. சலான் மெஷினைக் கையில் எடுத்துவிட்டார். அண்ணன் துண்டை எடுப்பதும் மறுபடி தோளில் போடுவதுமாக நின்றார்.

எனக்கு டீசல் வாடை ஆகாது. அதுவும் வெறும் வயிறு. ஜன்னலோரம் சாய்ந்து கவரில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கலாமணி அக்கா. என்னோடு தைத்த துணி செக்கிங்கில் நிற்கிறவள். திடீரென்று எழுந்து ஜன்னல் வழியே கத்தினாள்.

"மேடம், உள்ள புள்ளத்தாச்சி ஒருத்தி இருக்குதுங்க! வாந்தி நிக்கவே மாட்டேங்குதுங்க! அதாங்க அண்ணன் வெரசா வந்துட்டாரு!"

நாற்பது பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எஸ்.ஐ. பஸ்ஸுக்குள் ஏறி வந்தார். தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். முதுகைத் தடவிவிட்டார்.

"பேரென்னம்மா? எத்தனாவது மாசம்?"

"ஸ்டெல்லாங்க. மூணாவதுங்க." இதையும் கலாமணி அக்காவே சொன்னாள்.

"பதிஞ்சாச்சா? பிக்மி நம்பர் வாங்கினியா?"

கர்ப்பத்தைப் பதிந்தால் அரசாங்கத்தில் கொடுக்கிற நம்பர். இல்லை என்று தலையாட்டினேன். அது ஒன்றுதான் உண்மை.

"எங்கக்கா உங்க பக்கந்தான் நர்சு. போன் நம்பர் சொல்லு, அவளே கூப்பிட்டுப் பதிஞ்சு குடுப்பா."

சொன்னேன். என் போன் போன மாதமே தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. வாயில் வந்தது என் வீட்டுக்காரர் நம்பர்.

எஸ்.ஐ. இறங்கிப் போய் அண்ணனைத்தான் பிடித்தார். "வயித்துப் புள்ளக்காரிய வச்சுக்கிட்டு இந்த வேகமா வருவீங்க? பையப் போங்க." மெஷின் உறைக்குள் போனது.

எட்டு இருபத்தொன்பதுக்கு பஞ்ச். பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். மதியம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். கல்யாணமாகி ஆறு வருடம். ஸ்கேன், மாத்திரை, கோயமுத்தூர் டாக்டர் எல்லாமே கலாமணி அக்காவுக்குத் தெரியும். என்னைப் பார்த்து எப்படி அந்த வார்த்தை வந்தது அவளுக்கு? கோபமாக இருக்கிறது. அவள் மேலா, என் மேலா தெரியவில்லை.

நவம்பர் 5, புதன்

வெயில். துணி துவைத்தாயிற்று. அரிசி தீரப் போகிறது.

கைக்குழந்தை டிரெஸ் ஆர்டர் இன்னும் ஓடுகிறது. ஒவ்வொரு பட்டனையும் இழுத்துப் பார்க்கணும், கழன்றால் குழந்தை விழுங்கிவிடும். மத்தியானத்துக்குள் விரல் நுனி மரத்துவிட்டது.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட் ஒதுக்கி வைத்திருந்தார்கள். கேலிதான். "வாங்க புள்ளத்தாச்சி." ஒருத்தி உப்பில் ஊறிய நெல்லிக்காய் கொண்டு வந்தாள். ஒடிசாக்காரப் பிள்ளை ஒன்று, விஷயம் புரியாமல், நிஜமென்றே நம்பி, என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டது. நான் விளக்கவில்லை.

பிடித்திருந்தது. யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். முக்கால் மணி நேரம் அப்படி உட்கார்ந்து வந்தது எனக்குப் பிடித்திருந்தது.

நவம்பர் 6, வியாழன்

மறுபடி அதே இடம், அதே எஸ்.ஐ. இன்று வேகம் ஐம்பதுதான். ஆனாலும் கை காட்டினார். ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, "வாந்தி கொறஞ்சிருக்கா? எங்கக்கா கூப்பிட்டாளா?" என்று கேட்டார். இன்னும் இல்லை மேடம் என்றேன். வேலை அதிகம் அவளுக்கு, நான் சொல்கிறேன் என்றார். நல்ல மனுஷி. அதுதான் கஷ்டம்.

திரும்பும்போது அண்ணன் மிதிக்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் யாரோ மெதுவாகப் போகச் சொன்னதற்கு, "நம்ம வண்டியிலதான் அம்மிணி இருக்குதுங்களே, என்ன பயம்?" என்றார். சாமி படத்தைக் காட்டிச் சொல்வது போலச் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு.

இப்படி என்னைக் காட்ட வேண்டாம் என்று இறங்கும்போது அண்ணனிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

சாயங்காலம் பஸ் நின்றபோது வீட்டுக்காரர் பிரிவில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய நிட்டிங் கம்பெனியில் ஆறரைக்குத்தான் விடுவார்கள். பெர்மிஷன் போட்டுவிட்டு வந்திருக்கிறார். கையில் பை. நான் படி இறங்க, ஓடி வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஊரிலிருந்து வந்த இத்தனை வருடத்தில் ரோட்டில் வைத்து என்னைத் தொட்டதில்லை.

"ஏட்டி, எங்கிட்டச் சொல்லணும்னு தோணலியா ஒனக்கு? நர்சம்மா சொல்லித்தான் நான் தெரியணுமா?"

சிரித்துக்கொண்டே கேட்டார். கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. இப்படி ஒரு முகம் அவருக்கு இருக்கிறதென்றே தெரியாது.

ஊடு போகும் வரைக்கும் நான் பேசவில்லை. (இங்கத்துப் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது.) கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். பஸ், கேமரா, கலாமணி அக்கா, மூன்றாவது மாதம் என்று அவள் சொன்னது, எல்லாம். கேட்டு முடித்ததும் அவர் பையை மட்டும் கீழே வைத்தார். அடிக்கிற ஆள் இல்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை.

பிறகு பையிலிருந்து மாதுளம்பழம் எடுத்து, கழுவி, தட்டில் உதிர்த்துக்கொண்டு வந்து வைத்தார்.

"வாங்கியாச்சுல்லா. தின்னு."

"நீங்க?"

"அம்மைக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். மத்தியானமே."

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அவர் பேசியது மட்டும் கேட்டது. "இல்லம்மா... நம்பர் மாறிப்போச்சாம்... வேற யாரோவாம்... அவகிட்டக் கேக்காத, அவளுக்குத் தெரியாது... கோயிலுக்கு நேந்ததுன்னா செஞ்சிரும்மா, அது போகட்டும்."

எனக்குத் தெரியாதாம். பழத்தைத் தின்று முடித்தேன்.

நவம்பர் 8, சனி

காலையில் பஸ் எடுக்கும் முன் பழனிச்சாமி அண்ணனிடம் போய் நின்றேன். இனி என்னைக் காட்டித் தப்பிக்க வேண்டாம் என்றேன். வீட்டில் நடந்ததையும் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "தப்புங்க அம்மிணி. அந்த நெனப்பே இல்லாமப் போச்சுங்க" என்றார். பஸ்ஸை நாற்பதுக்கு மேல் விடவில்லை.

எட்டு முப்பத்தாறு. நாற்பது பேருக்கும் அரை நாள் ஆப்சென்ட்.

கலாமணி அக்கா கேன்டீனில் பிடித்தாள். "ஒரு வார்த்தைதான கண்ணு? வாயில வந்தது, போச்சு. உனக்கென்ன கொறஞ்சு போச்சு? அந்த மனுசனுக்கு வேலை போயிருமல்ல?"

அவள் சொன்னதும் பொய் இல்லை. திரும்பும்போது என் சீட்டில் வேறு ஆள். நின்றுகொண்டே வந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கோயில். பிரசங்கம் காதில் ஏறவில்லை. மீன் வாங்கவில்லை, ஒரே கூட்டம்.

மாமியார் ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். மழை, ஆடு, மூட்டுவலி. 'விசேஷம் உண்டா' என்று கேட்கவில்லை. ஆறு வருடத்தில் கேட்காத ஞாயிறு இதுதான்.

நவம்பர் 10, திங்கள்

விடாத மழை. பாலத்தடியில் மறுபடி தண்ணீர், பஸ் எட்டு மணிக்குத்தான் வந்தது. சனிக்கிழமை அரை நாள் போன ஆத்திரம் எல்லோருக்கும். "மிதிங்கண்ணா, இன்னைக்கும் போச்சுன்னா நாங்க என்ன பண்றது?" பின்சீட்டிலிருந்து முன்சீட்டு வரைக்கும் இதே பாட்டு. அண்ணன் முதலில் தாங்கினார். பிறகு மிதித்தார்.

நேர் ரோட்டில் கை காட்டினார் எஸ்.ஐ. மழைக்கோட்டுக்குள் சலான் மெஷின். எழுபத்தி நாலாம்.

அண்ணன் இறங்கி நனைந்துகொண்டே நின்றார். "தப்புதானுங்க." வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. எஸ்.ஐ.தான் நிமிர்ந்து என்னைத் தேடினார்.

"ஏங்க, புத்தியில்லையா உங்களுக்கு? மாசமா இருக்கறவள உள்ள வச்சுக்கிட்டு மழையில எழுபதுல வருவீங்களா?"

கலாமணி அக்கா என் தொடையைக் கிள்ளினாள். "வலிக்குதுன்னு சொல்லீரு. ஒரே ஒரு தடவ. உன் கால்ல உளுகறேன், சொல்லீரு." வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

எஸ்.ஐ. ஜன்னலுக்குக் கீழே வந்தார். "எங்கக்கா மறுபடி கூப்பிட்டாளாம், உங்க வீட்டுக்காரரு நம்பர் தப்புன்னுட்டாராமே? ஏம்மா, பதிய வேண்டாமா?"

"வேண்டாம் மேடம். புள்ள இல்ல."

அவர் முகம் மாறிவிட்டது. ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்தார். மழையில் சில்லென்றிருந்தது அந்தக் கை.

"ஐயோ. எப்போம்மா? எப்பப் போச்சு?"

கலைந்துவிட்டதென்று நினைத்துவிட்டார். மெஷின் இருந்த கை தானாகக் கீழே இறங்கியது. அண்ணனை மறந்தே போனார். கலாமணி அக்கா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தலையைக் குனிந்தால் போதும். அழுகையும் வந்துகொண்டுதான் இருந்தது, அதை விட்டால் போதும். அண்ணனின் லைசென்ஸ் தப்பிக்கும், எட்டரைக்குப் பஞ்ச் விழும், இந்தப் பொய்யும் இங்கேயே செத்துப் போகும். என்னைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை.

வெள்ளிக்கிழமை பிரிவில் நின்ற அந்த முகம் ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளையை என் வாயாலேயே கொல்ல என்னால் முடியவில்லை. இல்லாத பிள்ளைதான். இருந்தாலும்.

"போகல மேடம். வரவே இல்ல. அன்னைக்குச் சொன்னது பொய்."

கையை எடுத்துக்கொண்டார். என்னை ஒன்றும் திட்டவில்லை. பிறகு அண்ணனிடம் போய் மெஷினைத் தட்டினார். தாள் வந்தது. லைசென்ஸையும் வாங்கிக்கொண்டார். அண்ணன் தாளை இரண்டு கையாலும் வாங்கி, நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். கம்பெனி வரைக்கும் ஓட்டிப் போய் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று எஸ்.ஐ. சொன்னது கேட்டது.

மீதி வழி நாற்பதில்தான் போனோம். யாரும் மிதிக்கச் சொல்லவில்லை. எட்டு நாற்பத்தொன்று.

எல்லோரும் என்னைத் தாண்டி இறங்கிப் போனார்கள். கலாமணி அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் கடைசி. அண்ணனிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே சீட்டைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தேன். அவர் சாவியை உருவிக் கையில் வைத்திருந்தார். கண் சிவந்திருந்தது. எனக்கு வழி விட்டுக் காலை ஒதுக்கிக்கொண்டார்.

"பாத்து எறங்குங்க அம்மிணி" என்றார். "படி ஈரமா இருக்குதுங்க."