வெளியே நின்றிருந்தால்

ஏப்ரல் 9
ரோஜாவுக்கு மருந்து அடித்தாயிற்று. தொழிற்பேட்டைக்கு நிலம் அளந்தவர்கள் நட்ட கல் வரப்பிலேயே நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் காலில் இடிக்கிறது. நாசமாப் போன கல்லு.

சாயங்காலம் மாதேஷ் ஓட்டு கேட்டு வந்தான். நம்ம ஊரில் பால் வண்டி ஓட்டியவன், இப்போது ஒரு சின்னக் கட்சியின் வேட்பாளர். "செல்வியக்கா, நான் ஜெயிச்சா ஒரு சென்ட் நிலம்கூட எடுக்க விடமாட்டேன்." நம்பலாமா? வேறு யாரை நம்ப?

மே 4
ஜெயிச்சுட்டான்! தெலுங்குக்காரர், கன்னடக்காரர், எங்கள் சர்ச் ஜனம், எல்லாரும் ஒரே சின்னத்தில் குத்தியிருக்கிறோம்.

மே 6
பெரிய கட்சி இரண்டுக்கும் பெரும்பான்மை இல்லையாம். மாதேஷ் கட்சியின் நாலு பேர் இல்லாமல் யாரும் ஆட்சி அமைக்க முடியாது. மந்திரிசபையில் சேர்வதா, வெளியே இருந்து ஆதரவு தருவதா என்று பேச்சு.

வீட்டுக்காரர் சொல்கிறார்: "வெறும் எம்.எல்.ஏ.வை எந்த ஆபீசர் மதிப்பான்? மந்திரின்னா நடுங்குவான்." சரிதானே?

மே 8
ஊரே மாதேஷ் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டோம். அவன் தயங்கினான். "வெளியே நின்னா, நிலத்தைத் தொட்டா ஆதரவு வாபஸ்னு மிரட்டலாம்க்கா."

நான்தான் கத்தினேன். "காலமெல்லாம் மிரட்டிக்கிட்டே இருப்பியா? போய் நாற்காலியில உக்காருப்பா!" எல்லாரும் கை தட்டினார்கள். என் தோட்டத்து ரோஜாவில் நானே கட்டிய மாலையைப் போட்டேன். சிரித்தான், பாவம்.

மே 15
டிவியில் பதவியேற்பு. பக்கத்துக் காட்டு வெங்கடம்மாள் சந்தோஷத்தில் அழுதே விட்டாள். கிடைத்தது கைத்தறித் துறை. கைத்தறிக்கும் நம்ம நிலத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கட்டும், மந்திரி மந்திரிதானே.

ஜூலை 2
நிலம் எடுக்க மந்திரிசபை ஒப்புதல். மாதேஷும் அங்கேதான் இருந்தானாம்.

ஜூலை 5
வந்தான். காரை விட்டு இறங்கித் தலை குனிந்தே பேசினான். "கூட்டத்துக்குள்ள நிலம் எடுக்க வேணாம்னுதான்க்கா சொன்னேன். முடிவாயிட்டா அது எல்லா மந்திரிக்கும் சேர்ந்த முடிவு. வெளியே வந்து எதிர்த்துப் பேசணும்னா ராஜினாமா பண்ணணும்."

"அப்பப் பண்ணுப்பா."

"பண்ணாலும் பிரயோஜனமில்லக்கா. சுயேச்சைங்க ஆறு பேர் இப்ப ஆட்சிப் பக்கம் போயிட்டாங்க. நாங்க நாலு பேரும் விலகினாகூட கவிழாது."

அன்றைக்கு நாலு பேரில்லாமல் ஆட்சியே இல்லை. அந்த நாளில் மிரட்டியிருக்கலாம். கடவுளே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா நான்? வெங்கடம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் வரப்பேறிப் போனாள். நாலு வார்த்தை கேட்டிருந்தால் தேவலாம்.

ஜூலை 6
—

செப்டம்பர் 11
நாளைக்கு அடிக்கல். அப்புறம் ஜே.சி.பி. தோட்டத்துக்குள் இறங்கும். விழாவுக்கு மந்திரி மாதேஷ் தலைமை.

மந்திரிக்கு மாலை கட்ட ரோஜா கேட்டு ஒரு ஆள் வந்தான். எப்படியும் நாளைக்குச் செடி இருக்காது. கூடை நிறையப் பறித்துக் கொடுத்தேன். கட்டியும் கொடுங்கம்மா என்றான். முடியாதென்று சொல்லிவிட்டேன்.