சீமைக்கு எவ்வளவு, நமக்கு எவ்வளவு

மௌல்மீன்,
பர்மா,
8 பிப்ரவரி 1931

அன்புள்ள அமலிக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உன் தம்பி சந்தியாகுவும் சுகம். வாள்பட்டறையில் அவனுக்குச் சீமைக்குப் போகும் மரத்தை அறுக்கும் கூட்டத்தில் இடம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். கப்பலுக்கான பெரிய துண்டங்கள், கூலி கூடுதல். இந்தியாவுக்குக் கதவுப் பலகை அறுக்கும் கூட்டம் தனி.

துரை எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். பத்து வருஷமாக எங்கள் பட்டறைத் தேக்கைச் சீமைக்காரர்கள் எவ்வளவு வாங்கினார்கள், இந்தியாவில் எவ்வளவு வாங்கினார்கள் என்று வருஷவாரியாகப் பட்டியல் எழுத வேண்டும். பேரேடுகளில் பாதியைக் கறையான் தின்றிருக்கிறது. முன்பெல்லாம் சீமைக்குத்தான் முக்கால் பங்கு. இரண்டு வருஷமாக அங்கே கேட்பாரில்லை. நம் பக்கம் அவ்வளவாகக் குறையவில்லை. இப்படி எழுத வேறு கிளார்க் இல்லை என்று என் கையெழுத்தைத் துரை மெச்சினார்.

அற்புதத்துக்குக் குழந்தை பிறந்ததும் எழுது. மனைவிக்கு எப்படி இருக்கிறது என்று சந்தியாகு தினமும் கேட்கிறான்.

ஞானாபரணம்


கோயம்புத்தூர்,
3 மார்ச் 1931

என் பிரியமுள்ள தங்களுக்கு அமலி எழுதிக்கொண்டது.

அற்புதத்துக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். தம்பியிடம் உடனே சொல்லுங்கள்.

தங்கள் கடிதத்தில் பாதி மரமாகவே இருக்கிறது. என் இருமலைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை. போகட்டும். சீமைக்காரர்கள் வாங்காவிட்டால் அந்த மரம் அறுக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? தம்பியைப் பலகைக் கூட்டத்துக்கு மாற்றிவிடுங்கள், கூலி குறைந்தாலும் சரி. அற்புதத்திடம் சொன்னால், "ஏனுங்க அண்ணி, அண்ணன் பக்கத்துல இருக்கறப்ப அவருக்கென்னங்க பயம்?" என்று சிரிக்கிறாள்.

தங்கள்
அமலி


மௌல்மீன்,
16 ஜூன் 1931

அமலி,

மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. சந்தியாகு வெள்ளிக்கிழமை இறந்துபோனான்.

பட்டியலைப் பார்த்துவிட்டுத் துரை சீமைக் கூட்டத்தை மே மாதமே நிறுத்திவிட்டார். நாற்பது பேர். சந்தியாகு தானாகவே ஆற்றில் மரம் தள்ளும் வேலைக்குப் போனான். எவ்வளவோ தடுத்தேன். சல்வீனில் வெள்ளம். இரண்டு மரங்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்டான். பங்குச் சாமியார் வந்து அடக்கம் செய்தார். நான் கூடவே இருந்தேன்.

அற்புதத்துக்கு நீதான் சொல்ல வேண்டும். டிசம்பரில் விடுப்பில் வருகிறேன்.

ஞானாபரணம்


கோயம்புத்தூர்,
14 செப்டம்பர் 1931

தங்களுக்கு,

தம்பியோடு மரம் அறுத்த கோட்டைமேட்டு பஷீர் ஊருக்குத் திரும்பி, என்னைப் பார்க்க வந்தார். அவர் சொன்னார்:

"துரையே கிளார்க்கய்யாகிட்டக் கேட்டாருங்க அக்கா, உன் மச்சானை மட்டும் பலகைக் கூட்டத்துல சேத்துக்கட்டுமான்னு. சொந்தக்காரனுக்குச் சலுகைன்னு பேரு வருமுங்க, வேண்டாமுன்னு கிளார்க்கய்யாதான் சொல்லிப்போட்டாரு. சந்தியாகு மூணு நாளு ஆபீஸ் வாசல்லயே நின்னானுங்க. அவரு வெளிய வரவே இல்லீங்க."

அதற்கு அடுத்த மாதமே தாங்கள் தலைமை கிளார்க் ஆனதையும் அவர்தான் சொன்னார். தாங்கள் எழுதவில்லை.

பட்டியல் எழுதியதைக் குற்றம் சொல்லமாட்டேன். எழுதச் சொன்னால் எழுதித்தான் ஆக வேண்டும். சீமைக்காரர்கள் மரம் வாங்காததற்குத் தாங்கள் என்ன செய்வீர்கள்? ஆனால் அவன் வாசலில் நின்றான். மூன்று நாள். தானாகவே போனான் என்று எனக்கு எழுதினீர்கள்.

தங்கள் வீட்டை விட்டு வந்துவிட்டேன். அற்புதத்தோடு இருக்கிறேன். மில்லில் நூல் சுற்றும் வேலைக்கு இரண்டு பேரும் போகிறோம். குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பாப்பாயி பார்த்துக்கொள்கிறாள்.

இதை எழுதுவதைப் பார்த்து, "அண்ணனுக்கா? நான் கேட்டதாச் சொல்லுங்க அண்ணி. கடைசியில எங்க வீட்டுக்காரருகூட இருந்தவரு அவருதானுங்களே" என்கிறாள் அற்புதம். பஷீர் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. தாங்கள் வந்தால் சொல்லிவிடுவேன்.

டிசம்பரில் வர வேண்டாம். பிறகும் வேண்டாம்.

அமலி