லாஞ்சில் மட்டும் கேட்ட காது

சீனன்குடா
12.02.1974

அன்புள்ள றஹ்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உம்மா வீட்டில் இருக்கிறேன். சோறு இறங்கவில்லை என்று எழுதினால் சிரிப்பாய், அதனால் எழுதவில்லை. மூதூரில் நாம் இருந்தது உன் சீதன வீடு. கோபம் வந்தால் நான்தானே இறங்க வேண்டும்.

நீயே சொல்லு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உடுப்பெடுக்க மூதூர் லாஞ்சில் கடலைத் தாண்டி டவுனுக்குப் போனோம். என்ஜின் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு லைலாவின் கதைக்கெல்லாம் பதில் சொன்னாய். வீட்டில், ஒரு சத்தமும் இல்லாத நேரத்தில், நான் கூப்பிட்டால் திரும்பவும் மாட்டாய். வாயைத் திறந்தால் முணுமுணுப்பு. செவிடென்றால் எங்கேயும் செவிடாக இருக்க வேண்டும். நாள் முழுக்க ஜெனரேட்டர் அறையில் வேகிறவனுக்கு வீட்டிலும் நடிப்பா? இதற்குப் பதில் எழுது. சரியான பதிலென்றால் அன்றைக்கே வருவேன்.

ஸெய்னுதீன்

கொழும்பு
03.03.1974

அன்புள்ள மச்சானுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

உங்கள் கேள்விக்குப் பதில் கேட்கக் கடிதத்தை மடித்துக்கொண்டு, என் கூடப்பிறந்த அன்ஸார் காக்காவோடு காது டொக்டரிடம் வந்தேன். காக்கா அதை அப்படியே வாசித்தார். லாஞ்ச் கதை வந்ததும் டொக்டர் நிமிர்ந்தார். "இரைச்சலுக்குள்ள நல்லாக் கேக்குதா? அதுதான் இந்தக் காது வருத்தத்தின்ட அடையாளம்" என்று காக்காவிடம் சொன்னார்.

காதுக்குள் ஒரு சின்ன எலும்பு இறுகிவிட்டதாம். இரைச்சலில் மற்றவர்கள் கத்திக் கதைப்பார்கள், அந்த இரைச்சலோ எனக்கு அரைவாசிதான் கேட்கும், அதனால் கதை விளங்குமாம். பிள்ளை பெற்றால் சிலருக்குக் கூடுமாம். நம் அஸீம் பிறந்த பிறகுதானே எனக்கும் கூடியது. எல்லாச் செவிடும் ஒன்றல்ல மச்சான். குறும்பி அடைத்தால் கழுவலாம், சீழ் வடிந்தால் மருந்து விடலாம், எலும்பு இறுகினால் ஒப்பரேஷன். நரம்பு போனால் மட்டும் காதில் மாட்டுகிற மிஷின்தான்.

14ஆம் திகதி வியாழன் எனக்கு ஒப்பரேஷன். அது பிழையாகப் போனால் மிச்சமிருக்கிற காதும் போய்விடலாம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது. ஆனாலும் நடிப்புக்காரி என்ற பெயரோடு வாழ ஏலாது.

றஹ்மா

சீனன்குடா
07.03.1974

அன்புள்ள றஹ்மாவுக்கு,

உம்மாவுக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "ஓடுடா, இன்னும் ஏன் நிக்கிறாய்" என்றார். ஒரு நாள்தான் லீவு கிடைத்தது. ஒப்பரேஷனுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, உன் கட்டிலடியில் நிற்பேன். பயப்படாதே. நான் எழுதியதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஸெய்னுதீன்

மூதூர்
02.04.1974

என் அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கட்டு அவிழ்த்தாயிற்று. தாதி ஒரு தாளை மடித்தாள். அந்தச் சத்தம் கேட்டு அழுதுவிட்டேன். நேற்று அஸீம் வளவுக்குள் நின்று "உம்மா" என்றான். குசினிக்குள் சமைத்துக்கொண்டே "என்ன மகன்?" என்றேன். ஓடி வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். லைலா தொடக்கம் தெருப் பெண்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டுச் சோதித்துவிட்டார்கள். ஒருத்தியிடமும் நான் தோற்கவில்லை.

இனி உங்கள் காரியம். ஆஸ்பத்திரியில் நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் "என்ன? என்ன?" என்றீர்கள். நீங்கள் கத்திக் கதைத்ததை வார்டே திரும்பிப் பார்த்தது. நீங்கள் போன பிறகு டொக்டர் என்னிடம் உங்கள் வேலையைக் கேட்டார். ஜெனரேட்டர் என்றதும், அந்த இரைச்சல் காது நரம்பைக் கெடுக்கும் என்று தலையை ஆட்டினார். எலும்பு இறுகினவர்கள் மெல்லக் கதைப்பார்களாம், நரம்பு போனவர்கள் கத்துவார்களாம். நான் முணுமுணுக்க, நீங்கள் கத்த, இத்தனை காலமும் அதைச் சண்டை என்று நினைத்திருக்கிறோம். உங்கள் காதையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறார். சட்டைப் பையில் வைக்கிற மிஷின் ஒன்று இருக்கிறது, காதுக்கு வயர் போகும். வெட்கப்படாதீர்கள், நான் பக்கத்தில் நடப்பேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். அடுத்த கிழமை கொழும்புக்குச் சேர்ந்தே போவோம். வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே கதைத்து முடிப்போம், லாஞ்சில் மட்டும் வேண்டாம். கொழும்பிலிருந்து திரும்பி லாஞ்சில் வரும்போது பார்த்தேன்: அந்த இரைச்சலில், எல்லாச் சனத்தையும் போல, இப்போது எனக்கும் ஒன்றும் விளங்குவதில்லை.

உங்கள் றஹ்மா