அம்மாவைச் சார்ஜ் போட்ட வண்டிகள்

டத்தோ கெராமாட், பினாங்கு
14.3.1993

அன்பு மகன் புவனேந்திரனுக்கு அம்மா எழுதுவது. லிவர்பூல் குளிரில் நீ சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அப்பா சுகம், நானும் சுகம்தான், அதில் ஒரு சிறு திருத்தம் இருக்கிறது, பயப்படாமல் படி.

எங்கள் தொழிற்சாலையில் தானே சாமான் சுமந்து ஓடும் ஆறு ரோபோ வண்டிகள் வந்ததை எழுதியிருந்தேன் அல்லவா, அதில் நான்காம் நம்பருக்குப் பேட்டரி நோஞ்சான், நடுவழியில் நின்று வழியை மறிக்கும். ஒருநாள் இரண்டாம் நம்பர் அதன் முதுகில் முட்டி, முட்டியபடியே சார்ஜ் போடும் மூலை வரை தள்ளிப் போய்விட்டது. வழி திறந்ததால் அந்த வாரம் இரண்டாம் நம்பருக்குத்தான் அதிக நடை. அதிக நடை ஓடிய வண்டியின் புத்தியை எஞ்சினியர் சிவகுருநாதன் வாராவாரம் மற்றதுக்கெல்லாம் ஏற்றுவார், அதனால் எல்லாம் தள்ள ஆரம்பித்தன. பிறகு ஒன்று, நான்காம் நம்பருக்குச் சார்ஜ் நிரம்பிப் பச்சை விளக்கு எரியும்வரை நகரவிடாமல் காவல் நிற்கப் பழகியது, அதுவும் பரவிவிட்டது.

போன மாதம் மத்தியானத்தில் எனக்குத் தலை சுற்றும், யாரிடமும் சொல்லவில்லை. ஏர்கோன் காற்று அடிக்கிறதே என்று உருளும் நாற்காலியை வண்டிகளின் பாதையில் போட்டுக் கண்ணை மூடினேன். மூன்று வண்டிகள் வந்து நாற்காலியோடு என்னைத் தள்ளிப் போய் நான்காம் நம்பர் பக்கத்தில் நிறுத்திச் சுற்றி நின்றுகொண்டன. எழுந்தால் மெதுவாக முட்டி உட்கார வைத்தன. எனக்கு ஏது பச்சை விளக்கு, இரண்டு மணி நேரம் விடவில்லை. மறுநாளும் அப்படியே. மேனேஜர் அந்தப் புத்தியை அழிக்கச் சொன்னார், அழித்ததும் நான்காம் நம்பர் மறித்து அரை நாள் வேலை நின்றது, திரும்ப ஏற்றிவிட்டார்கள். கடைசியில் சூப்பர்வைசர் கமாலுதீன், "வண்டிக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியலையா அக்கா? கிளினிக் போங்க லா" என்றார். போனேன். இனிப்பு நீராம், ரத்தத்தில் சர்க்கரை பதினெட்டு காட்டியது, ஏழுக்குள் இருக்க வேண்டுமாம். மாத்திரை சாப்பிடுகிறேன்.

அப்பாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. இருபத்தாறு வருஷம் பக்கத்தில் இருந்தும் ஒரு டின் வண்டி கண்டதைத் தான் காணவில்லையே என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று பிஸ்கட்டோடு தொழிற்சாலைக்கே வந்துவிட்டார், கமாலுதீன்தான் உள்ளே விட்டார். வேகமாக நடந்து வந்தவர் மூச்சு வாங்கப் பாதையில் நின்றார், அவ்வளவுதான், வண்டிகள் அவரையும் தள்ளி வந்து, அன்றும் என்னைப் பிடித்து வைத்திருந்த சார்ஜ் மூலையில் என் பக்கத்தில் சேர்த்துவிட்டன. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் பார்த்தும் பார்க்காதது போலப் போனார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரு வேலையும் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

இது பரம்பரையில் வருமாம், நீயும் ரத்தம் பரிசோதித்து எத்தனை காட்டியது என்று எழுது, சும்மா "நலம்" என்று எழுதாதே. நீ நீடூழி வாழ இருவரின் ஆசியும்.

உன் அம்மா,
வடிவம்மாள்