தோளில் இருந்த இரும்பு

2024 பிப்ரவரி 6, செவ்வாய்
பாப்பாவுக்கு இன்னும் சளி. வெளிநாட்டு வக்கீலம்மாவிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. போர்க்குற்றங்களுக்குச் சாட்சி சேர்க்கிறார்களாம். வெள்ளிக்கிழமை வீடியோவில் என் வீட்டுக்காரர் வின்சென்டிடம் பேச வேண்டுமாம், நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். வளைகுடாவில் லாஞ்சுப் படகில் மீன்பிடிக்கப் போயிருந்தபோது, கரையிலிருந்த சந்தைமேல் விமானம் குண்டு போட்டதைப் பார்த்தவர் இவர். ஊருக்கு வந்தபிறகு பெற்ற மகளையே தூக்குவதில்லை. கோர்ட்டில் சொல்லிவிட்டால் தூக்குவாரோ? — நான் தப்பாகச் சொல்லி கேஸே கெட்டுப்போனால்?

பிப்ரவரி 9
பேசியாயிற்று.
தண்ணீரில் மிதந்த பையனை லாஞ்சில் ஏற்றியிருக்கிறார்கள். ஆறு வயது இருக்கும். உயிர் இல்லை. தோளில் உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு. அது இப்போது எங்கே என்று அந்த அம்மா கேட்டார்.
"புடுங்கிக் கடல்ல போட்டுட்டேன்."
ஏன்?
"இன்னா ஏன்னு கேக்குது? புள்ளைய இரும்போடவா பெத்தவங்க கையில குடுப்பாங்க? கழுவி, கண்ண மூடிக் குடுத்தோம்."
இங்கிலீஷில் சொன்னேன். அந்தத் துண்டில் எண் இருந்திருக்குமாம். யாருடைய குண்டு என்று அதுதான் காட்டியிருக்குமாம்.
இதை அவரிடம் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன்.

பிப்ரவரி 10
"அப்ப நான்தான் கெடுத்துட்டேனா?" காலையிலிருந்து இதே கேள்வி. இல்லை என்கிறேன். எனக்கு இன்னா தெரியும்?

மே 3
மெயில் இல்லை. அத்தை கிண்டல் செய்கிறார்: "ஏரியில வலை போடுற முறைக்குத் தகராறுன்னா சாயங்காலமே பஞ்சாயத்துல தீத்துடுறோம். உங்க கோர்ட்ட இன்னா, ஆமையா இழுக்குது?" இவர் சிரிக்கவில்லை.

ஜூலை 22
பதில் வந்தது. குண்டு போட்ட நாடும் விழுந்த நாடும் அந்தச் சர்வதேசக் கோர்ட்டில் சேரவே இல்லையாம். இரும்பு கிடைத்திருந்தால் குண்டு விற்ற நாட்டிலாவது வழக்குப் போட்டிருக்கலாமாம். வாக்குமூலம் பத்திரமாக இருக்குமாம்.
"பத்திரமா வெச்சு?" என்றார்.
சோறு வைத்தேன். சாப்பிட்டார்.

2025 ஜனவரி 19, ஞாயிறு
நாளை கிளம்புகிறார். அதே முதலாளி, அதே லாஞ்சு. இங்கே இருந்தால் என்ன செய்வது?
பெட்டி கட்டும்போது அடுப்படிக்கு வந்தார். "மூடி போட்ட டப்பா எதுனா கீதா, ஜெசி?"
"ஊறுகாய்க்கா?"
"இல்ல. இந்த வாட்டி இரும்ப எடுத்தா வெச்சிக்கலாம்."
பாப்பா அவர் காலைக் கட்டிக்கொண்டாள். மெதுவாக விலக்கிவிட்டார்.
பாப்பாவின் டிபன் டப்பாவுக்குத்தான் மூடி இறுக்கம். தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒழுகவில்லை. துடைத்துக் கொடுத்தேன்.